அப்பா காட்டிய கணக்கு நோட்டு

போன மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். பேத்தியை எந்தக் காலேஜில் சேர்ப்பது? பால்காரர் ஒன்று சொன்னார். எதிர் வீட்டு மாமி ஒன்று சொன்னார். கல்யாண வீட்டில் பார்த்த ஒன்றுவிட்ட தம்பி, கையில் பாயசக் கிண்ணத்தோடு அரை மணி நேரம் விளக்கினான். கடைசியில் பேத்தி என் பக்கம் திரும்பி, "தாத்தா, நீங்க சொல்லுங்க. எந்தக் காலேஜ் நல்லது?" என்றாள்.

வங்கியில் 38 வருடம் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ பேருக்குக் கல்விக் கடன் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் 1971க்குப் போக வேண்டும்.

அந்த வருடம்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். எங்கள் வீடு சுவாமிமலையில். அப்பா கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். மார்க் நல்ல மார்க். திருச்சியில் பெயர் பெற்ற ஒரு கல்லூரிக்கு நானும் என் பெஞ்சுத் தோழனும் விண்ணப்பம் போட்டோம். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று ஊரில் எனக்குக் கால் தரையில் படவில்லை. ஹாஸ்டல், பெரிய ஊர், பேன்ட் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவது என்று என்னென்னவோ கனவு.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அப்பா கூப்பிட்டார். "தம்பி, இப்படி வந்து உக்காரு."

அரிக்கேன் விளக்கு பக்கத்தில் அவருடைய நீளக் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்திருந்தார். கடைக் கணக்கு இல்லை, வீட்டுக் கணக்கு. அதுவரை அந்த நோட்டை நாங்கள் யாரும் தொட்டதுகூட இல்லை. ஒரு பக்கத்தில் சம்பளம் 210 ரூபாய் என்று எழுதியிருந்தது. அதன் கீழே அரிசி, பால், மளிகை, சீட்டு, தங்கைகளின் பள்ளிச் செலவு, பாட்டியின் மருந்து. அடியில் மீதி 14 ரூபாய். எதிர்ப் பக்கத்தில் திருச்சி ஹாஸ்டல், மெஸ் பில், பஸ் செலவு என்று விசாரித்து எழுதி வைத்திருந்தார்.

"நான் வேணாம்னு சொல்லலை. நீயே பாரு. உனக்கு ஏதாவது வழி தெரிஞ்சா சொல்லு" என்றார்.

பதினாறு வயதுப் பையன் என்ன வழி சொல்வான்? நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா விளக்கைத் தணிக்காமல் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து நான்தான், "கும்மோணத்துலயே சேர்றேம்ப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து போனார்.

இப்படித்தான் கும்பகோணம் அரசினர் ஆடவர் கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்தேன்.

சேர்ந்ததும் பிடித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். முதல் ஆறு மாதம் அழாத குறை. தினமும் சுவாமிமலையிலிருந்து சைக்கிள். பள்ளியில் எல்லாம் தமிழில் படித்தவன். இங்கே கணக்கும் பௌதிகமும் ஆங்கிலத்தில் ஓடின. கரும்பலகையில் எழுதுவதைக் காப்பி அடிப்பதற்குள் அழித்துவிடுவார்கள். திருச்சிக்குப் போன தோழன் போஸ்ட் கார்டு போடுவான். அதில் அவன் கல்லூரிக் கட்டடம், தேவாலய மணி, ஹாஸ்டல் நண்பர்கள் என்று எழுதியிருப்பான். படித்துவிட்டு அன்று முழுதும் யாரோடும் பேச மாட்டேன்.

எங்கள் கல்லூரிக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு நாள் வகுப்புக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்தேன். எங்கள் கணக்கு ஆசிரியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மூணாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். உன் பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "புரியலையா, பிடிக்கலையா?" என்றார்.

அந்த இரண்டும் வேறு வேறு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "புரியலை சார்" என்றேன். "அப்போ சரி பண்ணிடலாம். சாயங்காலம் நாலரைக்குப் படித்துறைக்கு வா" என்றார்.

அவரிடம் நாங்கள் ஐந்தாறு பேர் போக ஆரம்பித்தோம். படித்துறையில் உட்கார்ந்து, தமிழில் விளக்கி, பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்ல வைப்பார். காசு வாங்கவில்லை. சுண்டல் வாங்கிக் கொடுத்தாலும் எங்களோடு பங்கு போட்டுத்தான் தின்பார். தை மாதம் வருவதற்குள் எனக்கு அந்தக் கல்லூரி என் கல்லூரி ஆகிவிட்டது. அங்கேயே பி.எஸ்ஸி. கணிதம் படித்து 1975ல் வெளியே வந்தேன். இன்றைக்கும் எங்கள் செட்டில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பாலத்தில் கூடுகிறோம். எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது என்பது வேறு விஷயம்.

திருச்சிக்குப் போன தோழன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பி.யு.சி. முடிந்ததும் திரும்பி வந்துவிட்டான். போஸ்ட் கார்டில் எழுதியதெல்லாம் பாதிதான் நிஜமாம். இரவில் தூக்கம் வராதாம். நானூறு பேரில் தன் பெயர் தெரிந்த ஒரு வாத்தியார் கிடையாது என்று பின்னால் சொன்னான். ஆனால் அதே கல்லூரியில் அதே வருடங்களில் படித்த ஒருவர் பிற்பாடு எனக்கு மேலாளராக வந்தார். அவர் அந்தக் கல்லூரியைப் பற்றிப் பேசும்போது கோயிலைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். கட்டடம் அதேதான், மணியும் அதேதான். அவரை ஒரு பாதிரியார் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டாராம். "அன்னிலேர்ந்து எனக்கு ஊர் நினைப்பே வரலை சார்" என்பார்.

எங்கள் கணக்கு ஆசிரியர் அடிக்கடி ராமானுஜன் கதையைச் சொல்வார். சாரங்கபாணி சன்னதித் தெருப் பையன். 1904ல் எங்கள் கல்லூரியில்தான் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் கண்ணெடுத்துப் பார்க்காததால் மற்ற பாடங்களில் தோற்று அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. 1914ல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே அவருடைய கணக்கைப் படித்துப் பார்த்து இது என்ன என்று புரிந்துகொள்ள ஹார்டி இருந்தார். "மூணு காலேஜ், ஒரே மூளை. ஆளைத் தெரிஞ்சுக்க ஆள் வேணும்டா" என்று முடிப்பார். தோற்றுப்போன மாணவனின் பெயரைத்தான் இன்று எங்கள் கல்லூரி பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் 2001ல் ஒரு காரியம் செய்தேன்.

என் மகன் அந்த வருடம் பிளஸ் டூ. அப்போது இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும் சேர்த்து 300க்கு கட்-ஆஃப் போடுவார்கள். 1997லிருந்து ஒற்றைச் சாளர முறை வந்துவிட்டதால், கடிதம் வரும் தேதியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். விடியற்காலையில் போய் இறங்கினோம். வளாகம் முழுதும் எங்களைப் போலவே கையில் ஃபைலும் தண்ணீர் பாட்டிலுமாக அப்பா, அம்மா, பிள்ளைகள். காத்திருக்கும் கூடத்தில் பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு எண்ணாகக் குறையக் குறைய நமக்கு வயிற்றைக் கலக்கும். பங்கு மார்க்கெட்டெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

மகனுக்குக் கோயம்புத்தூரில் ஒரு பழைய கல்லூரியில் சிவில் படிக்க ஆசை. சின்ன வயதில் கல்லணைக்குக் கூட்டிக்கொண்டு போனால் மற்ற பிள்ளைகள் தண்ணீரில் விளையாடும். இவன் மதகை எண்ணிக்கொண்டிருப்பான். அவன் கேட்ட இடம் திரையில் இருந்தது. நான் நினைத்ததோ வேறு. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு புதிய கல்லூரியில் ஐ.டி. அந்த நாளில் சிவில் படித்தவனுக்கு வேலை இல்லை என்றார்கள். கம்ப்யூட்டர் படித்தால் நாலு வருடத்தில் சம்பளம் என்றார்கள். என் மைத்துனர் பையன் அப்படித்தான் வேலைக்குப் போயிருந்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். அவர் மகனைப் பார்த்து, "உறுதி பண்ணிடலாமாப்பா?" என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் "பண்ணிடுங்கம்மா" என்றேன். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்து அவனுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டான்.

அந்தக் கல்லூரியை நான் குறை சொல்லவில்லை. வகுப்புக்கு வராவிட்டால் அபராதம், சத்தமாகச் சிரித்தால் அபராதம் என்று கண்டிப்பான இடம். கண்டிப்பு இருந்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்கள் என்று அப்போது எனக்கும் சந்தோஷம்தான். முதல் தீபாவளிக்கு வந்தபோது அவன் அதிகம் பேசவில்லை. "எல்லாம் பழகிடும்" என்றேன். 2005ல் முதல் வகுப்பில் தேறினான். வளாகத் தேர்வில் வேலையும் கிடைத்தது. நான் எடுத்த முடிவு சரிதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

2011ல் அவனுக்குக் கல்யாணம். பள்ளித் தோழர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். ஆபீஸ் தோழர்கள் பெங்களூரிலிருந்து வந்தார்கள். நாலு வருடம் படித்த கல்லூரியிலிருந்து வந்தது ஒரே ஒரு பையன். பந்தியில் நின்றுகொண்டிருந்த நான் அதைக் கவனித்தேன். கேட்கவில்லை.

2020 ஊரடங்கில் அவன் வீட்டிலிருந்தே வேலை என்று எங்களோடு வந்து சில மாதங்கள் இருந்தான். ஒரு நாள் இரவு மொட்டை மாடியில் என் பழைய கல்லூரிப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு யார் யார் என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டான். "எப்படிப்பா உங்களுக்கு மட்டும் அந்தக் காலேஜ் இவ்வளவு பிடிச்சுது? உங்களையும் தாத்தாதானே அங்க சேர்த்தாரு?"

அரிக்கேன் விளக்கு, நோட்டு, 14 ரூபாய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"எனக்கு நீங்க நோட்டைக் காட்டலையேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு அதிகமாக வலித்தது.

காட்ட வேண்டிய நோட்டு என்னிடமும் இருந்தது. 2001ல் என் கணக்கு என்ன தெரியுமா? மகளுக்குக் கல்யாண வயது. வீட்டுக் கடன் தவணை பாதிகூடக் கட்டவில்லை. இவன் சீக்கிரம் சம்பாதித்தால் ஒரு கை கொடுப்பான் என்பதுதான் நிஜமான காரணம். பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் 'சிவிலுக்கு எதிர்காலம் இல்லை' என்று பெரிய மனிதர் மாதிரி பேசிவிட்டேன். இதை அன்று இரவுதான் அவனிடம் முதல் முறையாகச் சொன்னேன்.

"அக்கா கல்யாணத்துக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நானே அதைத்தான்ப்பா எடுத்திருப்பேன்" என்றான். பிறகு மெதுவாக, "அந்தம்மா எங்கிட்டதான் கேட்டாங்க. நான் இன்னும் அவங்களுக்குப் பதில் சொல்லலை" என்றான்.

பத்தொன்பது வருடமாக அவன் அதை மனதில் வைத்திருந்திருக்கிறான். வேலை கிடைத்தது, சம்பளம் வந்தது, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் பாதியை அவன்தான் அடைத்தான். ஆனாலும் அந்த நாலு வருடம் அவனுக்கு யாருடைய வருடங்களாகவோ போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். என்னையும் அப்பாதான் சேர்த்தார், இவனையும் அப்பாதான் சேர்த்தான். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை, இவனுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். பாலத்தில் நின்று அழுதபோதுகூட அது என் முடிவு, என் தங்கைகளுக்காக எடுத்த முடிவு. அதனால்தான் படித்துறைக்கு வா என்று ஒருவர் கூப்பிட்டதும் போக முடிந்தது. இவன் கல்லூரியிலும் இவனைக் கூப்பிட ஒரு நல்ல ஆசிரியர் இருந்திருக்கலாம். தன்னைக் கொண்டுவந்து தள்ளிய இடம் என்று நினைக்கிற பிள்ளைக்கு அந்தக் குரல் காதில் விழாது.

அந்த ஆசிரியர் விஷயமும் சாதாரணமானது இல்லை. அமெரிக்காவில் காலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014ல் 30,000 பட்டதாரிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. படித்து முடித்தவர்கள் பின்னாளில் நன்றாக இருப்பதற்குக் கல்லூரி பெரியதா சின்னதா, அரசுக் கல்லூரியா தனியாரா என்பதைவிட, அங்கே தன்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர் இருந்தாரா, படிப்பில் ஆர்வம் ஊட்டினாரா, கனவுக்கு ஊக்கம் கொடுத்தாரா என்பதே அதிகம் காரணமாக இருந்ததாம். மூன்றும் எனக்குக் கிடைத்தது என்று உறுதியாகச் சொன்னவர்கள் 14 சதவீதம்தான். நூற்றுக்குப் பதினாலு பேரில் ஒருவனாகக் காவிரிக் கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன் என்று படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

இப்போது பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அவள் கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னேன். "எது நல்ல காலேஜ்னு எனக்குத் தெரியாதும்மா. எப்படிப் பார்க்கணும்னு வேணா சொல்றேன்."

சொன்னது இவ்வளவுதான். விழா நாளில் போகாதே, சாதாரண வேலை நாளில் போ. அலுவலகத்தில் கேட்காதே, வெளியே டீக்கடையில் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் கேள். முதல் வருடப் பிள்ளைக்கு எல்லாமே புதுசு, கடைசி வருடத்துக்காரர்களுக்கு வேலைக் கவலை. 'உங்க சார் பேர் என்ன, அவருக்கு உங்க பேர் தெரியுமா?' என்று கேள். சாயங்காலம் லைப்ரரியில் ஆள் இருக்கிறதா பார். ஹாஸ்டல் சாப்பாட்டை ஒரு வேளை சாப்பிட்டுப் பார். உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள நல்ல பெயர் என்பதற்காக மட்டும் எதையும் எழுதாதே. அவர்கள் ஒரு நாள்தான் பாராட்டுவார்கள், நீ நாலு வருடம் இருக்க வேண்டும்.

பிறகு மகளும் மருமகனும் உட்கார்ந்து அவளிடம் கணக்கைக் காட்டினார்கள். இவ்வளவு எங்களால் முடியும், இதற்கு மேல் கடன் வாங்க வேண்டும், கடனை நீயும் சேர்ந்து அடைக்க வேண்டியிருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். காட்டச் சொன்னது நான்தான். அவள் கேட்டுவிட்டு, பட்டியலில் இருந்த இரண்டு கல்லூரிகளைத் தானே அடித்தாள்.

மீதி இருந்த மூன்றைப் பார்க்க அவளோடு போனது யார் தெரியுமா? என் மகன். பெங்களூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தான். "மாமா டீக்கடையில பசங்ககிட்ட பேச ஆரம்பிச்சா எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க தாத்தா" என்று அவள் சிரித்தாள்.

இப்போது கிண்டிக்கெல்லாம் போக வேண்டாம். நுழைவுத் தேர்வும் எப்போதோ போய்விட்டது. 2018லிருந்து கவுன்சலிங்கே ஆன்லைன். வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வரிசையாகக் கல்லூரிகளைப் போட்டாள். எல்லாம் போட்டு முடித்துவிட்டு, "அழுத்திடட்டுமா?" என்று எங்களைப் பார்த்தாள். கூடத்தில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டேன். என் வாய்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நான் அழுத்திட்டேன்" என்று அவள் குரல் மட்டும் கேட்டது.

சேர்ந்து சில வாரங்கள் ஆகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். ஹாஸ்டல் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லையாம். அறையில் மூன்று பேர், ஒருத்தி இரவு முழுதும் விளக்கை அணைக்க மாட்டாளாம். குரல் கொஞ்சம் கம்மியது. எல்லாம் பழகிடும் என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

"ஏண்டா இங்க சேர்ந்தோம்னு இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் தெரியலை தாத்தா" என்றாள். பிறகு, "எங்க மேத்ஸ் மேடம் நேத்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. தீபாவளிக்கு வந்து சொல்றேன்" என்றாள்.

தீபாவளிக்கு மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.